கை பேசிய சனிக்கிழமை

தீபாவளிக்கு எடுத்த நீலச் சட்டையை லோகேஸ்வரி நீட்டியபோது திருச்செல்வம் தங்கையை ஏற இறங்கப் பார்த்தார். சனிக்கிழமை காலை பத்து மணி. கல்யாணம் இல்லை, கோயில் திருவிழாவும் இல்லை. செம்பனைக் குலை வெட்டுகிற மனிதர் அரை நாள் லீவு போட்டுவிட்டு எதற்காக இந்தச் சட்டையை மாட்டிக்கொள்ள வேண்டும்?

அவள் ஜன்னல் வழியே கை காட்டினாள். தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கு எதிரே பழைய ஆயாக்கொட்டகை. வேலைக்குப் போகும் தாய்மார்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போன இடம். இப்போது அதன் கூரையில் வெள்ளைத் தட்டு ஒன்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே எட்டுக் கம்ப்யூட்டர்கள்.

‘அங்கே வா’ என்று கையை அசைத்தாள். அதற்கு மேல் சொல்ல அவளிடம் சைகை இல்லை.

அந்த வீட்டின் நிலைமை அதுதான். பிறவியிலேயே காது கேளாத அண்ணனிடம் பேச அவர்களுக்கு இருந்தவை மொத்தமே இருபது முப்பது சைகைகள். சாப்பிடு, குளி, மழை, வேலைக்குப் போ, அம்மாவுக்குக் காய்ச்சல். நாற்பத்திரண்டு வயது மனிதரைக் கூப்பிட வேண்டுமென்றால் தரையைக் காலால் உதைப்பார்கள். அதிர்வு தெரிந்து திரும்புவார்.

மலேசியாவின் லிங்கி ஆற்றோரத்தில் எண்ணெய்க்காகச் செம்பனை வளர்க்கும் தோட்டம் அது. மூன்று மாதத்துக்கு முன்புவரை கைப்பேசியில் பேச வேண்டுமென்றால் தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறி நிற்க வேண்டும். பிறகுதான் இணைய மையம் வந்தது, சிரம்பானிலிருந்து மதுமிதா டீச்சர் வந்தாள். நாற்றங்காலில் வேலை முடித்து மண் கையோடு வந்த பெண்களை உட்கார வைத்து மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொடுத்தாள். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்ட லோகேஸ்வரி முதல் வாரம் விசைப்பலகையைத் தொடவே பயந்தாள். ஐந்தாம் வாரம் அம்மாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு பள்ளிக்கூடப் புகைப்படத்தைத் தேடி எடுத்தாள். பினாங்கில் காது கேளாத பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியில் அண்ணன் ஆறு வருஷம் படித்த காலத்துப் படம். அதைக் காது கேளாதோர் குழு ஒன்றில் போட்டு, தப்பும் தவறுமான மலாயில் கேட்டாள்: இவரை யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

போன சனிக்கிழமைதான் பதில் வந்தது. ‘இந்தப் பையனுக்கு இடது புருவத்தில் தழும்பு இருக்கிறதா?’ அண்ணனுக்கு இருந்தது. அனுப்பியவர் பெயர் குணாளன். ஊர் பட்டர்வர்த்.

இன்று பதினோரு மணிக்கு அந்தக் குணாளன் வீடியோவில் வருவதாகச் சொல்லியிருந்தார்.

வாசலில் கார் ஹார்ன் கேட்டது. பெரியண்ணன் தர்மேந்திரன். சிரம்பான் லோபாக்கிலிருந்து காலையிலேயே கிளம்பியிருக்க வேண்டும். கையில் பழுப்பு உறை.

அந்த உறைக்குள் இருப்பது என்னவென்று இரண்டு வாரமாக லோகேஸ்வரிக்குத் தெரியும்.

தோட்ட நிர்வாகம் லயத்தை இடிக்கப் போகிறது. ரந்தாவ் போகும் சாலையில் வரிசை வீடுகள் எழுந்துகொண்டிருக்கின்றன. இருபது வருஷத்துக்கு மேல் வேலை செய்தவர்களுக்கு ஆளுக்கொரு வீடு. திருச்செல்வத்துக்கு இருபத்து நான்கு வருஷ சர்வீஸ். வீடு அவர் பேரில் வந்திருக்கிறது. அதைத் தன் பேருக்கு மாற்றும் போராங், அதாவது படிவத்தோடுதான் தர்மேந்திரன் வந்திருக்கிறார்.

“ஆபீஸ் கிராணிகிட்டப் பேசிட்டேன்மா. திங்கக்கிழமை போராங்கக் குடுத்தாப் போதும். இவன் கட்டைவிரல வச்சிட்டா வேல முடிஞ்சிது.”

“என்னா ஏதுன்னு தெரியாமலே வைக்கிறதாண்ணே?” என்றாள் லோகேஸ்வரி.

“தெரிய வைக்க உனக்குத் தெரியுமா? தெரிஞ்சாச் சொல்லு, நானும் கத்துக்கிறேன்.” அவர் குரலில் கேலி இல்லை. களைப்புதான் இருந்தது. “நாளைக்கு ஆபீஸ்லருந்து லெட்டர் வரும், கரண்டுக்காரன் வருவான், தண்ணிக்காரன் வருவான். யாரு நின்னு பேசுறது? நான் ஒண்ணும் பிடுங்கிக்கிட்டுப் போயிட மாட்டேன்லா. கடைசி வரைக்கும் அவன் அங்கதான் இருப்பான்.”

அம்மா முத்தாயி மகனுக்குக் காப்பியை நீட்டினாள். “பெரியவன் சொல்றது சரிதான். வைக்கச் சொல்லு லோகா.”

“பதினோரு மணிக்கு ஒரு கால் இருக்கும்மா. அது முடியட்டும். அதுக்கப்புறம் உங்க இஷ்டம்.”

எப்படியோ நாலு பேருமாகக் கிளம்பினார்கள். தர்மேந்திரன் உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே வந்தார்.

மதுமிதா டீச்சர் பெரிய திரை உள்ள கம்ப்யூட்டரை ஒதுக்கி வைத்திருந்தாள். திருச்செல்வத்தை முன்னால் உட்கார வைத்தாள். திரையில் தன் முகமே தெரிந்ததும் அவர் கொஞ்சம் திகைத்து, பிறகு விரலால் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டார்.

வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. “மழை மேகம்க்கா. கொஞ்ச நேரத்துல வந்துரும்” என்றாள் டீச்சர். லோகேஸ்வரி கூரையை அண்ணாந்து பார்த்தாள். ஆண்டவா, இந்தத் தட்டு இன்றைக்கா மக்கர் பண்ண வேண்டும்?

சட்டென்று ஒரு முகம் திரையை நிறைத்தது. வழுக்கைத் தலை, தடித்த கண்ணாடி, நரைத்த மீசை.

திருச்செல்வம் பார்த்தார். அந்த மனிதரும் பார்த்தார். இரண்டு பேர் முகத்திலும் அடையாளம் கண்டுகொண்ட சாயலே இல்லை. ‘தப்பான ஆளோ?’ என்று லோகேஸ்வரி டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள்.

அப்போது அந்த மனிதர் ஆள்காட்டி விரலை உயர்த்தித் தன் இடது புருவத்தைச் சின்னதாக ஒரு கீறு கீறினார்.

திருச்செல்வம் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வீட்டில் யாரும் கேட்டறியாத சத்தம். தன் வலது காது மடலைப் பிடித்து இரண்டு தரம் இழுத்தார். திரையிலிருந்த மனிதர் மேசையைக் குத்திக் குத்தித் தலையாட்டினார்.

“என்னாடா இது?” என்றாள் முத்தாயி.

அதற்குள் இருவர் கைகளும் பேசத் தொடங்கிவிட்டன.

முதலில் தடுமாற்றம். செம்பனை முள் குத்திக் குத்தித் தடித்துப்போன விரல்கள் ஒரு சைகையைப் பாதியில் மறந்து நின்றன. குணாளன் அங்கிருந்து செய்து காட்டினார். இவர் திருப்பிச் செய்தார். தப்பு என்று அவர் தலையாட்ட, இவர் நெற்றியில் அடித்துக்கொண்டு மறுபடி செய்தார். ஐந்து நிமிஷம் போயிருக்கும். அடைத்துக் கிடந்த குழாயில் தண்ணீர் முட்டி மோதி வெளியே வருவது போல ஒரு கணத்தில் எல்லாம் திறந்துகொண்டது.

லோகேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டாள். கை மட்டும் இல்லை. புருவம் பேசியது, தோள் பேசியது, கன்னம் உப்பிப் பேசியது. அண்ணன் யாரோ ஒரு வார்டனைப் போலத் தொந்தியைத் தள்ளிக்கொண்டு நாலடி நடந்து காட்டினார். குணாளன் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றினார். முப்பத்தேழு வருஷமாக அவள் பார்த்து வளர்ந்த முகம் எப்போதும் ஒரே மாதிரி இருக்கும். அமைதியான, கொஞ்சம் தள்ளி நிற்கிற முகம். இப்படி ஒரு முகம் அதற்குள் இருந்ததா? இத்தனை வருஷமும் இருந்ததா?

திரையில் ஒரு பெண் எட்டிப் பார்த்தார். “வணக்கம்ங்க. நான் வள்ளியம்மா, குணாளனோட வீட்டுக்காரி. எனக்குக் காது கேக்கும், சைகையும் தெரியும். இவங்க பேசுறத உங்களுக்குச் சொல்லவா?”

“சொல்லுங்கக்கா!” லோகேஸ்வரி கிட்டத்தட்டக் கத்தினாள்.

“புருவத்தக் கீறுறது உங்க அண்ணன் பேரு. ஸ்கூல்ல வச்ச சைகைப் பேரு. எங்க வீட்டுக்காரர் பேரு காத இழுக்குறது.” வள்ளியம்மா சிரித்தார். “ஹாஸ்டல்லயே பெரிய வாயாடி உங்க அண்ணன்தானாம். வாத்தியார் போர்டு பக்கம் திரும்புனாப் போதுமாம், பெஞ்சுக்கு அடியில கை ஓடுமாம். பேசிப் பேசியே விரல்ல அடி வாங்குவாராம்.”

“வாயாடியா? திருவா?” முத்தாயி மெல்லக் கேட்டாள். பக்கத்தில் இருந்த பெஞ்சைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தாள்.

திருச்செல்வம் திரும்பினார். அண்ணனின் கக்கத்திலிருந்த உறையை விரலால் சுட்டிக் காட்டினார். கைகள் வேகமாக அசைந்தன.

வள்ளியம்மாவின் முகம் மாறியது. “அது வீட்டுப் போராங்குன்னு சொல்றாரு. நாப்பத்தேழாம் நம்பர் வீடு, வரிசையில கடைசி. மூணு ஞாயித்துக்கிழமை சைக்கிள்ல போயிப் பார்த்தாராம். பின்பக்கம் மண்ணு ஈரமா இருக்காம், தண்ணி நிக்குமாம். வாழை வச்சாச் சரியாப் போயிடும்னு சொல்றாரு.”

தர்மேந்திரன் உறையைக் கைக்கு மாற்றினார். “அவனுக்கு யாரு சொன்னா?”

வள்ளியம்மா கேட்டுச் சொன்னார். “ஆபீஸ் நோட்டீஸ் போர்டுல வீட்டு நம்பருக்கு நேரா அவரோட அடையாளக் கார்டு நம்பர் இருந்துச்சாம். அத எனக்குப் படிக்கத் தெரியும்னு சொல்றாரு.”

“இல்ல, இல்ல.” தர்மேந்திரன் தலையை உதறினார். “ரெண்டு கை ஆட்டுறதுல இவ்வளவு கதையா? நீங்க சேர்த்துச் சொல்றீங்க.”

“அண்ணே!”

“நீ சும்மா இரு லோகா. சரி, ஒண்ணு கேளுங்க. எங்கப்பா எறந்த அன்னிக்கு நான் எங்க இருந்தேன்னு கேளுங்க. பாக்கலாம்.”

லோகேஸ்வரிக்குச் சுருக்கென்றது. அப்பா ராமசாமி இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அன்றைக்குப் பெரியண்ணன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கல் நெஞ்சுக்காரன் என்று லயமே பேசியது. இன்றைக்கும் பேசுகிறது. அவளும் உள்ளுக்குள் அதை நம்பியிருந்தாள்.

வள்ளியம்மாவின் கைகள் கேள்வியைப் போட்டன. திருச்செல்வம் அண்ணன் பக்கம் திரும்பினார். பிறகு நிதானமாக, சின்னச் சின்ன அசைவுகளாகப் பதில் சொன்னார்.

“சொல்லலாமான்னு தெரியல...” வள்ளியம்மா தயங்கினார்.

“சொல்லுங்க.”

“ஸ்டோருக்குப் பின்னால, உர மூட்டை அடுக்கியிருந்த எடத்துல உக்காந்திருந்தீங்களாம். பேக்டரிச் சட்டையக்கூட மாத்தலையாம். சத்தம் வெளிய வந்துடக் கூடாதுன்னு சட்டக் கையக் கடிச்சிக்கிட்டு அழுதீங்களாம். அவரு தூரத்துல நின்னு பார்த்தாராம். பக்கத்துல வரணும்னு நெனச்சாராம். வந்து என்னா சொல்றதுன்னு தெரியாம நின்னுட்டாராம்.”

தர்மேந்திரன் சுவரில் சாய்ந்து, உறையை மடியில் வைத்துக்கொண்டு, அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். முத்தாயி பெரிய மகனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆன்ட்டி,” வள்ளியம்மாவின் குரல் இறங்கியிருந்தது. “அவரு உங்ககிட்ட ஒண்ணு கேக்குறாரு.”

முத்தாயி நிமிர்ந்தாள். வள்ளியம்மா இப்போது அவர் சொல்வதை அப்படியே சொன்னார்.

“பதிமூணு வயசுல லீவுக்கு வந்தேன். திரும்பிப் போறதுக்குப் பெட்டியக் கட்டி வச்சேன். பஸ் வர்ற அன்னிக்கு வாசல்ல நின்னேன். நீங்க பெட்டியத் தூக்கி உள்ள வச்சிட்டீங்க. அதுக்கப்புறம் பஸ் வரவே இல்ல.” வள்ளியம்மா மூச்சு விட்டார். “நான் பண்ணுன தப்பு என்னான்னு கேக்குறாரு.”

“தப்பா? நீ என்னாய்யா தப்புப் பண்ணுன?”

“கால்ல போடுற ஸ்கூல் சப்பாத்து ஒண்ணு ஆத்தோட போயிடுச்சு. உங்ககிட்டக் காட்டாம ஒளிச்சு வச்சேன். அது தெரிஞ்சிதான் அனுப்பலன்னு நெனச்சேன். அதுக்கப்புறம் நான் எதையுமே தொலைச்சதில்ல.”

உண்மைதான். அண்ணன் எதையும் தொலைத்ததே இல்லை. அரிவாள், கையுறை, குடை, சைக்கிள் சாவி, எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். ஒரு பொத்தான் அறுந்தால்கூடத் தேடி எடுத்துவிட்டுத்தான் நகர்வார். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அதைச் சொல்லிச் சொல்லிப் பாராட்டுவார். அது அவருடைய சுபாவம் என்று அத்தனை பேரும் நினைத்திருந்தார்கள்.

முத்தாயி எழுந்து வந்தாள். “நான் எங்க பார்த்துப் பேசணும்?”

“அவரு பக்கத்துலயே நில்லுங்க. நீங்க பேசுங்க, நான் கையால சொல்றேன்.”

முத்தாயி மகனின் தோளைப் பிடித்துக்கொண்டாள். “எனக்கு அப்ப காச வியாதிய்யா. இருமுனா ரத்தம் வரும். ரெண்டு நாள்ல ஆஸ்பத்திரியில படுக்கணும்னு டாக்டரு சொல்லிட்டாரு. செத்துருவேன்னு நெனச்சேன். சாகும்போது நீ தூரத்துல இருக்கக் கூடாதுன்னு தோணுச்சு. அதனாலதான் பெட்டிய உள்ள வச்சேன்.”

வள்ளியம்மாவின் கைகள் அவள் பேச்சைத் தொடர்ந்து வந்தன. திருச்செல்வம் கண் இமைக்காமல் பார்த்தார்.

“ஆறு மாசத்துல பொழைச்சி வந்தேன். அப்பவாவது உன்ன அனுப்பியிருக்கணும். ஸ்கூல்லருந்து ரெண்டு லெட்டர் வந்துச்சு. அப்பா அனுப்பலாம்னுதான் சொன்னாரு. எனக்குத்தான் மனசு வரல. உனக்குச் சொல்லவும் எனக்கு வழி தெரியல. என் தப்புய்யா. எல்லாம் என் தப்பு. சப்பாத்து தொலைஞ்சதே எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்.”

திருச்செல்வத்திடமிருந்து ஒரே ஒரு கேள்வி.

“‘சப்பாத்து இல்லையா?’ன்னு கேக்குறாரு” என்றார் வள்ளியம்மா.

“இல்லய்யா. சப்பாத்து இல்ல.”

அவர் தோள்கள் குலுங்கத் தொடங்கின. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று லோகேஸ்வரியால் கண்டுபிடிக்க முடியவில்லை. அம்மாவின் கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டார். இருபத்தொன்பது வருஷம். ஒரு வார்த்தையில் தீர்ந்திருக்க வேண்டியதை இந்த மனிதர் இருபத்தொன்பது வருஷம் சுமந்துகொண்டு செம்பனைக் காட்டில் நடந்திருக்கிறார். அந்த ஒரு வார்த்தை இருநூற்றைம்பது மைலுக்கு அப்பால் இருக்கும் முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் கை வழியாக, இந்தக் கொட்டகைக்குள் வந்து சேர்ந்திருக்கிறது. நினைக்க நினைக்க அவளுக்குத் தலை சுற்றியது. கும்பிட வேண்டும் போல இருந்தது. யாரை என்றுதான் தெரியவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு திருச்செல்வம் அண்ணனிடம் போனார். குனிந்து அவர் மடியிலிருந்த உறையை எடுத்தார். உள்ளே இருந்த தாளை விரித்து, தெரிந்த மலாய் எழுத்துகளை விரல் வைத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தார். மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, திரையைப் பார்த்துக் கையால் பேசினார்.

“வீடு என் பேர்லயே இருக்கட்டும். திங்கக்கிழமை ஆபீசுக்கு நானே போறேன். காது கேக்குற ஆள் ஒருத்தர் கூட வேணும். அண்ணன் வருவாரான்னு கேக்குறாரு.”

தர்மேந்திரன் தலை நிமிரவே இல்லை. “எத்தன மணிக்குன்னு கேளுங்க.”

“எட்டு மணிக்காம்.”

“சரி.”

மணி பன்னிரண்டரை தாண்டிவிட்டது. வகுப்புக்கு வந்த பெண்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் கூட்டமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மதுமிதா டீச்சர் அவர்களைப் போகச் சொல்லவும் இல்லை, வரச் சொல்லவும் இல்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாள்.

விடைபெறும் நேரத்தில் குணாளனுக்கு ஏதோ ஞாபகம் வந்தது. திரைக்கு அருகில் வந்து, இரண்டு விரலால் தாடையை மெல்ல இரண்டு தரம் தொட்டார். பிறகு ஏதோ கேட்டார்.

திருச்செல்வத்தின் முகம் சிவந்தது. திரும்பி அம்மாவைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். நாற்காலியை நகர்த்தி, தன் முதுகு அவர்களை மறைக்கும்படி உட்கார்ந்துகொண்டு, நெஞ்சருகே சின்னச் சின்னதாக ஏதோ சொன்னார். குணாளன் சொன்னார். இவர் சொன்னார்.

வள்ளியம்மா வாய் திறக்கவில்லை.

“என்னாக்கா? என்னா சொல்றாரு?”

“இது உங்களுக்கு இல்லையாம், தங்கச்சி.” வள்ளியம்மாவின் கண்களில் சிரிப்பு இருந்தது. “சொல்லக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டாரு.”

அண்ணன் எத்தனை மணிக்கு எழுவார், எதற்கு முகம் சுளிப்பார், எந்த மீன் பிடிக்கும், எல்லாம் லோகேஸ்வரிக்குத் தெரியும். அவரைப் பற்றித் தெரியாதது எதுவும் இல்லை என்றுதான் இன்று காலைவரை நினைத்திருந்தாள்.

வெளியே ஒரு மழை பெய்து ஓய்ந்திருந்தது. அம்மாவைப் பெரியண்ணன் கைத்தாங்கலாகப் பிடித்து நடத்திக்கொண்டு போனார். ஒற்றையடிப் பாதையின் நடுவில் திருச்செல்வம் நின்று தங்கைக்காகக் காத்திருந்தார்.

அவள் பக்கத்தில் வந்ததும் வீட்டுச் சைகையில் சொன்னார். நாளைக்கு. அந்தக் கொட்டகை. நான். பிறகு உள்ளங்கையை அவள் பக்கம் நீட்டி, மெல்லத் தள்ளுவது போலக் காட்டினார். நீ வேண்டாம்.

அவள் எதுவும் கேட்காமல் சரி என்று தலையாட்டினாள்.

அவர் முன்னால் நடந்தார். நீலச் சட்டைக்காரரின் வலது கை மட்டும் அடிக்கடி உயர்ந்தது. இரண்டு விரல்கள் தாடையைத் தொட்டன, விலகின, மறுபடி தொட்டன. அது பள்ளிக்கூடத்தில் யாருக்கு வைத்த பெயர் என்று இந்தத் தோட்டத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.